நாலு அடி, இரண்டு சுரம்: ஃபிரெடி கிரீனின் ஐம்பது வருடங்கள்

கிற்றார் பழகத் தொடங்குகிற எங்களில் கனபேருக்கு முதல் ஆசை சோலோதான். நாலு கோர்ட் கைக்குப் பிடிபட்டதும், விரலை வேகமாக ஓட்டுவது எப்படி எண்டு தேடத் தொடங்கிவிடுகிறோம். ரிதம் கிற்றார் என்றால் சோலோ வராதவருக்குக் கொடுக்கிற வேலை என்ற எண்ணம் எப்படியோ எங்களுக்குள் ஊறிவிட்டது. ஆனால் ஜாஸ் வரலாற்றில் ஒரு மனிதர் இந்த எண்ணத்தையே தலைகீழாக்கிவிட்டுப் போயிருக்கிறார். பெயர் ஃபிரெடி கிரீன். கவுண்ட் பேசியின் இசைக்குழுவில் 1937இல் சேர்ந்து, 1987இல் இறக்கும்வரை வாசித்தவர். இந்த ஐம்பது வருடத்தில் அவர் சோலோ வாசித்தது அபூர்வத்திலும் அபூர்வம்.

அவருடைய கதை பன்ஜோவில் தொடங்குகிறது. 1920களின் ஜாஸ் குழுக்களில் தாளத்தைத் தாங்கியது பன்ஜோ. அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆபிரிக்க மக்களின் கைகளில் உருவான வாத்தியம். அந்தக் காலத்தில் ஒலிப்பதிவு ஒரு பெரிய புனலுக்கு முன்னால் நின்று வாசித்துத்தான் நடந்தது. கிற்றாரின் மெல்லிய சத்தம் அதில் ஏறாது, பன்ஜோவின் கூர்மையான சத்தம் ஏறும். 1925இல் மைக் மூலம் பதிவு செய்யும் மின்முறை வந்தது. டியூபா இருந்த இடத்துக்கு மெல்ல மெல்லத் தந்தி பேஸ் வந்தது. எடி லாங் போன்றவர்கள் கிற்றாரால் என்ன முடியும் என்று றெக்கோர்டுகளில் காட்டினார்கள். 1930களில் பன்ஜோக்காரர் பலர் கிற்றாருக்கு மாறினார்கள். 1911இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் பிறந்த கிரீனும் அப்படி மாறியவர்தான்.

நியூயோர்க்கில் ஒரு கிளப்பில் அவர் வாசிப்பதைக் கேட்ட ஜோன் ஹாமண்ட், பேசியிடம் அவரைப் பற்றிச் சொன்னார். அங்கே வோல்டர் பேஜ் பேஸில் ஒரு பாருக்கு நாலு சுரமாக நடந்துகொண்டிருந்தார். ஜோ ஜோன்ஸ் தாளத்தின் பாரத்தைப் பெரிய ட்ரம்மிலிருந்து எடுத்து ஹை-ஹற்றுக்கு மாற்றியிருந்தார். பேசி பியானோவில் குறைவாக வாசித்து மற்றவர்களுக்கு இடம் விட்டார். இந்த மூவருக்கும் நடுவில் ஒரு பாருக்கு நாலு அடி என்று கிரீன் வந்து அமர்ந்தார். 1938 ஜனவரி 16ஆம் திகதி கார்னகி ஹோலில் பெனி குட்மன் நடத்திய நிகழ்ச்சியில் கறுப்பினக் கலைஞரும் வெள்ளையினக் கலைஞரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். இனப் பிரிவினை நடைமுறையில் இருந்த நாட்டில் அது சின்ன விசயம் இல்லை. அந்த மேடையிலும் கிரீன் இருந்தார்.

இப்போது ஒரு கேள்வி. ஏறத்தாழ பத்து ஊதுகருவிகள் முழங்கும்போது, அம்ப்ளிஃபயர் இல்லாத ஒரு கிற்றார் என்ன செய்ய முடியும்? தடித்த தந்திகளைப் போட்டு, அவற்றைப் பலகையிலிருந்து நன்றாக உயர்த்தி வைத்தார் கிரீன். அதைவிட முக்கியம், ஆறு தந்தியையும் அள்ளி அடிக்கவில்லை. பல பதிவுகளில் அவருடைய கோர்ட்டில் ஒன்றோ இரண்டோ சுரம்தான் தெளிவாகக் கேட்கும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சி7 கோர்ட்டில் சி, ஈ, ஜீ, பி ஃபிளாட் என்று நாலு சுரம். சியை பேஸ்காரர் ஏற்கெனவே வாசிக்கிறார். ஜீ பெரிதாக எந்தச் செய்தியும் சொல்வதில்லை. கோர்ட்டின் குணத்தைக் காட்டுவது ஈயும் பி ஃபிளாட்டும்தான். நாலாம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட், மூன்றாம் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட். அப்படியே ஒரு ஃப்ரெட் கீழே இறக்குங்கோ: எஃப்7இன் இரண்டு முக்கிய சுரமும் கிடைக்கும். பழைய இடத்திலிருந்து ஒரு ஃப்ரெட் மேலே ஏற்றினால் ஜீ7. பன்னிரண்டு பார் புளூஸ் முழுவதும் இந்த மூன்று கோர்ட்தான்: சி7 நாலு பார், எஃப்7 இரண்டு, சி7 இரண்டு, ஜீ7 ஒன்று, எஃப்7 ஒன்று, திரும்ப சி7 இரண்டு. இரண்டு விரல், மூன்று ஃப்ரெட் தூரம், அவ்வளவுதான்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு அடியும் கீழ்நோக்கிய அடி. அடித்த உடனே இடது கையைத் தளர்த்த வேண்டும், விரலைத் தந்தியிலிருந்து எடுக்கவும் கூடாது. அப்போதுதான் சத்தம் சரியான நீளத்தில் அறுபடும். எவ்வளவு நேரம் ஒலிக்க விடுவது, எங்கே அறுப்பது என்பதில்தான் ஸ்விங் இருக்கிறது. இதை ஒரு பாட்டு முழுக்க வேகம் மாறாமல் செய்து பாருங்கோ, தெரியும்.

கிரீன் சேர்ந்த அதே காலத்தில்தான் மின்கிற்றாரும் வந்தது. பேசியின் குழுவிலேயே இருந்த எடி டர்ஹம் அதை வாசித்தார். 1939இல் பெனி குட்மனுடன் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், கிற்றாரை சக்சபோனுக்குச் சமமான சோலோ வாத்தியமாக்கினார். 1942இல் 25 வயதில் இறந்துபோனார். எங்கள் காதில் இருக்கிற கிற்றார் பெரும்பாலும் கிறிஸ்டியன் திறந்த வழியில் வந்தது. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வரலாறு எழுதியவர்களும் அந்த வழியிலேயே போய்விட்டார்கள். சோலோவுக்குப் பெயர் கிடைத்தது. அந்த சோலோ எதன்மேல் நின்றதோ அதற்கு ஒரு வரிதான் மிஞ்சியது.

குழுவில் இருந்தவர்களுக்கு மட்டும் அவருடைய பெறுமதி தெரிந்திருந்தது. 1950இல் பெரிய குழுவைக் கலைத்துவிட்டுச் சிறிய குழுவோடு பேசி வாசித்தபோது, கிரீனைச் சேர்க்கவில்லை. ஒருநாள் கிரீன் தானாகவே கிற்றாரோடு வந்து உட்கார்ந்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. எது எப்படியோ, அதன்பிறகு அவர் விலகவில்லை. 1984இல் பேசி இறந்தார்; கிரீன் தொடர்ந்து வாசித்தார். பேசி குழுவின் புகழ்பெற்ற பாட்டுகளில் ஒன்றான 'கோர்னர் பொக்கற்' அவர் எழுதியது என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

1957இல் பதிவான 'லில் டார்லின்' என்ற பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கோ. மெதுவான பாட்டு, ஒளிய இடமில்லை. முதல் தடவை ஊதுகருவிகளைக் கேளுங்கோ. இரண்டாம் தடவை, அவற்றுக்குக் கீழே நாலு நாலாக விழுகிற அந்த அடியை மட்டும் கேளுங்கோ. பிறகு கிற்றாரை எடுத்து, இரண்டு விரலோடு பன்னிரண்டு பார் வாசியுங்கோ. சோலோ வாசிக்கப் பக்கத்தில் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.