எழுத்துப் போடும் நேரம்: திரைப்படப் பெயர்த்தொடரும் மாணவர் ஆக்கமும்

படம் தொடங்கியதை ‘எழுத்துப் போட்டுவிட்டார்கள்’ எனச் சுட்டுவது தமிழகத்தில் நெடுங்கால வழக்கு. பெயர்கள் தோன்றும் அச்சிறு பொழுது, பார்வையாளர் இருக்கை தேடி அமரும் இடைவெளியாகவே பெரிதும் கருதப்பட்டது. 1955இல் ‘தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்’ படத்திற்குச் சால் பாஸ் அமைத்த வெட்டுத்தாள் உருவங்கள் அவ்விடைவெளியைக் கதையின் முதற்கூறாக்கின. தமிழிலோ அதன் பெரும்பயன் நாயகப் புகழுக்கே சென்றது. ‘அண்ணாமலை’ (1992) தக்க சான்று.

பெயர்ப்பட்டியலில் இடம்பெறுவதற்கு உதவி இயக்குநராகப் பல்லாண்டு காத்திருப்பதே வழியென்றிருந்த துறையில், திரைப்படக் கல்லூரி மாணவர் குழு 1986இல் ‘ஊமை விழிகள்’ படத்துடன் நுழைந்தது. தயாரிப்பு ஆபாவாணன், இயக்கம் ஆர். அரவிந்தராஜ். கல்லூரிப் பயிற்சியும் தொழிலுக்குரிய தகுதியே என்பதை அதன் வெற்றி நிறுவியது.

பெயர்த்தொடரையே தேர்வுப் பணியாக்கியது பிரித்தானியாவின் ஓசிஆர் வாரியம். 2008இல் அறிமுகமான அதன் ஏ.எஸ். ஊடகப் பாடத்தில், புனைகதைப் படமொன்றின் பெயர்த்தொடரையும் தொடக்கக் காட்சியையும் இரண்டு நிமிடத்திற்கு மிகாமல் மாணவர் ஆக்கும் பணி இடம்பெற்றிருந்தது. ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20, ஆக்கத்திற்கு 60, மதிப்பீட்டிற்கு 20 மதிப்பெண்கள். இப்பகுப்பு திட்டமிடலைக் குறைத்தே மதித்தது எனலாம். எழுத்து அமரவேண்டிய வெற்றிடத்தைப் படப்பிடிப்பிலேயே ஒதுக்காவிடின், தொகுப்பில் பெயர் நடிகரின் முகத்தின்மேல் விழும். பார்ப்பவர் முகத்தையும் காணார், பெயரையும் படியார். தாம் வரைந்த காட்சிப்படத்தை முடிந்த ஆக்கத்துடன் ஒப்பிடும் மாணவர்க்கே அப்பிழை எங்கு நேர்ந்தது என்பது புலப்படும்.