பிளேட் பொருத்திய எலும்பு

முறிந்த எலும்பின் துண்டுகளை நேராக்கி, உலோகத் தகட்டையும் திருகுகளையும் கொண்டு அறுவைச் சிகிச்சையில் இறுக்கிவைப்பதே பேச்சுவழக்கில் ‘பிளேட் வைப்பது’. வட சென்னையில் கன்டெய்னர் லாரிகள் ஓயாத டோல்கேட், எண்ணூர் சாலைகளில் அடிபடுவோர் பலருக்கு இதைச் செய்துகொள்ளும் இடம் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்ற பழம்பெயர் கொண்ட ஸ்டான்லி மருத்துவமனை. ஆலை இயந்திரத்தில் சிக்கிய விரல்களுக்கும் கைகளுக்கும் அங்கே அறுவை மருத்துவர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைத் துறை நாடறிந்தது.

மாவுக்கட்டிலும் புத்தூர்க் கட்டிலும் முறிவு முழுமையாக அசையாமல் நிற்பதில்லை. அந்தச் சிறு அசைவே முறிவைச் சுற்றி முதலில் குருத்தெலும்பையும் பிறகு எலும்பையும் திரளவைக்கிறது. எக்ஸ்ரேயில் புடைப்பாகத் தெரியும் இதற்குக் ‘காலஸ்’ என்று பெயர். அழுத்தி இறுக்கிய பிளேட்டின் கீழ் கதை வேறு. எலும்பை அரிக்கும் செல்கள் முறிவுக் கோட்டின் குறுக்கே நாளொன்றுக்கு 50 முதல் 100 மைக்ரான் வரை துளைத்துச் செல்ல, பின்னாலேயே எலும்பாக்கும் செல்கள் அத்துளைகளை நிரப்புகின்றன. புடைப்பு ஏதும் இல்லாமல் கோடு மெல்ல மங்கும். பெல்ஜிய மருத்துவர் ராபர்ட் டானிஸ் 1949-இல் இதை விவரித்தார். ஆகவே, இவ்வாறு இறுக்கிய முறிவில் காலஸ் தெரியவில்லையே என்று நோயாளி கலங்கத் தேவையில்லை. அங்கே காலஸ் தோன்றினால்தான் பிளேட் தளர்ந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார்.

பிளேட்டுக்கு அடியில் எலும்பு நுண்துளைகள் விட்டு நலிவதும் உண்டு. இதன் காரணம் நெடுநாள் விவாதப் பொருள். துருப்பிடிக்காத எஃகு எலும்பைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு விறைப்பானது. பளுவைத் தானே வாங்கிக்கொள்கிறது. பளு குறைந்த எலும்பு மெலியும் என்பது 1892-இல் யூலியஸ் வோல்ஃப் வகுத்த விதி. சுவிட்சர்லாந்தின் ஸ்டீபன் பெர்ரன் வேறொன்றைச் சுட்டினார்: பிளேட் அழுத்துவதால் எலும்புறையின் ரத்த ஓட்டம் அறுபடுகிறது, அதனால் இறந்த பகுதியை உடல் மாற்றிக் கட்டும்போது தற்காலிகமாகத் துளைகள் விழுகின்றன. முதல் மாதங்களின் நலிவுக்கு இந்த விளக்கமே பொருந்துகிறது. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் மெலிவில் பளுக் குறைவுக்கும் பங்குண்டு. எலும்பை அதிகம் தொடாத பிளேட்டுகளும், திருகின் தலை பிளேட்டிலேயே பூட்டிக்கொள்ளும் ‘லாக்கிங்’ பிளேட்டுகளும் ரத்த ஓட்டத்தைக் காக்கும் பெர்ரனின் சிந்தனை வழி வந்தவை.

எலும்பு கூடும் வரைதான் பிளேட்டுக்கு வேலை. கூடாமல் நாள் நீண்டால் உலோகம் களைத்து உடையும். பிளேட் முறிந்தது என்றால் பெரும்பாலும் எலும்பு சேரவில்லை என்றே பொருள். பீடி, சிகரெட், கட்டுப்படாத சர்க்கரை நோய் ஆகிய மூன்றும் சேர்க்கையைத் தாமதப்படுத்துகின்றன.

தொந்தரவு தராத பிளேட்டைப் பெரியவர்களுக்கு அப்படியே விட்டுவிடுவதே வழக்கம். எடுத்தால், திருகு இருந்த ஓட்டைகள் நிரம்பும் வரை அங்கே எலும்பு பலவீனமாக இருக்கும். முன்கை எலும்பு மறுபடி முறிவது பெரும்பாலும் இக்காலத்தில்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர் பிளேட் எடுத்த சில மாதங்களுக்கு, மருத்துவர் அனுமதிக்கும் வரை, பளு தூக்கக் கூடாது.