துண்டுக்குள் விரல்கள்

என் அப்பாரு மாட்டுத் தரகர். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, சித்திரையில் கூடும் கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்கு உடுமலையிலிருந்து என்னையும் பஸ் ஏற்றிக் கூட்டிப் போனார். ஒரு மயிலைக் காளையின் பக்கத்தில் நின்றுகொண்டு தோள் துண்டை எடுத்து, வாங்க வந்தவரின் கைமேல் போட்டார். துண்டுக்கு உள்ளே விரல்கள் அசைந்தன. வெளியே இரண்டு பேரும் மழை பெய்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு அதே துண்டு விற்பவரின் கைமேல் விழுந்தது.

"துண்டுக்குள்ள என்ன பண்ணுனீங்கப்பாரு?"

"வெலை பேசுனஞ்சாமி."

"வாயில பேசுனா என்ன?"

"வாயில பேசுனா ஊருக்கே தெரிஞ்சு போயிரும்."

தரகு என்னும் தொழிலின் பாதி ரகசியம் அந்தப் பதிலில் இருக்கிறது. விற்பவர் எதிர்பார்ப்பது என்ன, வாங்குபவர் எதுவரை போவார் என்ற இரண்டு எண்களும் தெரிந்தவர் தரகர் ஒருவர்தான். அந்த இடைவெளியில்தான் அவர் சோறு இருக்கிறது. நேர்மையானவர் கூலியோடு நின்றுகொள்வார். மற்றவர் இடைவெளியையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்.

மாட்டில் ஒருவர் ஏமாந்தால் அது ஒரு குடும்பத்தின் கதை. பருத்தியில் ஒரு வட்டாரமே ஏமாந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொங்குநாட்டுக் கிணற்றுத் தோட்டங்களில் கம்போடியாப் பருத்தி பரவியது. பருத்தி வண்டிகள் திருப்பூர் மண்டிகளுக்குப் போயின. விவசாயிக்கு மண்டிக்காரர் முன்பணம் கொடுத்திருப்பார். அதனால் சரக்கு அவரிடம்தான் போயாக வேண்டும். எடை போடுகிறவர், விலை சொல்கிறவர், கமிஷன் பிடிக்கிறவர் எல்லாம் அவர்தான். கமிஷன் போக எடைக்கூலி, மகமை, மாதிரிக்கு அள்ளும் பருத்தி என்று பிடித்தம் நீளும். லின்லித்கோ தலைமையிலான வேளாண்மைக்கான ராயல் கமிஷன் 1928இல் கொடுத்த அறிக்கை, இந்தியா முழுக்க நடந்த இந்தப் பிடித்தங்களைப் பேசி, ஒழுங்குபடுத்திய சந்தைகள் வேண்டும் என்றது. பேராரில் 1897லேயே அப்படியொரு சட்டம் வந்திருந்தது. சென்னை மாகாணத்தில் 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அதன்கீழ் மாகாணத்தின் முதல் ஒழுங்குமுறைச் சந்தை 1936இல் திருப்பூரில் தொடங்கியது.

அந்தச் சட்டம் தரகரை ஒழிக்கவில்லை. அவர் கையை மூடியிருந்த துண்டைத்தான் எடுத்தது. உரிமம், சரியான எடை, எல்லோர் முன்னும் ஏலம், கூலி இவ்வளவுதான் என்ற அறிவிப்பு. இன்று உடுமலை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கொப்பரை ஏலம் நடக்கிறது என்றால் அதன் வேர் அங்கே இருக்கிறது. 2016இல் இ-நாம் வந்தபின் ஏலம் கணினித் திரைக்கும் போய்விட்டது.

அதே தரகு இன்னொரு வழியாக இணையத்துக்குள் வந்தது. 1989இல் அமெரிக்காவில் ப்ராடிஜி என்ற கணினி வலைப்பின்னலில் ஒரு பூக்கடை, விற்பனைக்குக் கமிஷன் என்ற முறையைத் தொடங்கியது. 1994இல் சிடிநவ் என்ற இசைத்தட்டுக் கடை அதை இணையதளங்களுக்குக் கொண்டுபோனது. 1996 ஜூலையில் அமேசான் தன் அசோசியேட்ஸ் திட்டத்தை ஆரம்பித்தது. உங்கள் தளத்தில் ஒரு சுட்டி இருக்கும். அதை அழுத்திப் போனவர் ஏதாவது வாங்கினால் உங்களுக்குப் பங்கு. யார் அனுப்பியது என்பதை உலாவியில் உட்காரும் குக்கி என்ற சின்னக் குறிப்பு நினைவில் வைத்துக்கொள்ளும். அமேசானில் அதன் ஆயுள் வழக்கமாக 24 மணி நேரம். இப்போது துண்டு என்பது அந்தக் குக்கிதான். படிக்கிறவருக்கு அது தெரிவதில்லை.

நானும் இந்தத் தொழிலுக்கு வந்தேன். தமிழ்ப் புத்தகங்களை உலகமெங்கும் அனுப்பும் உடுமலை.காம் இருக்கிற ஊரில், தோட்டத்துக் கருவிகளைப் பற்றி ஒரு தளம் நடத்துவது பெரிய துணிச்சல் இல்லை. கணக்கு எளிது. எத்தனை பேர் வருகிறார்கள், அதில் எத்தனை பேர் அழுத்துகிறார்கள், எத்தனை பேர் வாங்குகிறார்கள், பொருளின் விலை என்ன, விகிதம் என்ன. விகிதம் நம் கையில் இல்லை. 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் வீட்டு அறைகலனுக்கான பங்கை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக ஒரே நாளில் குறைத்தது. நம் கையில் இருப்பது பொருளின் விலை மட்டும்தான் என்று நினைத்தேன். அதனால் விலை கூடின எந்திரங்களை மேலே வைத்து எழுதினேன். வருமானம் இரண்டு மடங்கானது.

அந்தச் சமயத்தில்தான் மாமா கூப்பிட்டார். தென்னந்தோப்பில் புல் வெட்ட ஒரு பிரஷ் கட்டர் வாங்கியிருந்தார். இரண்டாம் மாதமே கியர் பகுதி உடைந்துவிட்டது. திருப்பி அனுப்பும் நாளும் தாண்டிவிட்டது.

"உன்ற லிங்க்லதான் வாங்குனேன் மாப்ளே. நீ ஓட்டிப் பாத்தியா?"

நான் ஓட்டிப் பார்க்கவில்லை. நிறுவனத்தின் விவரப் பக்கத்தை வைத்து எழுதியிருந்தேன். பணம் தருகிறேன் என்றேன். "காசுக்குக் கேக்கல. ஓட்டிப் பாத்தியான்னுதான் கேட்டேன்" என்று போனை வைத்துவிட்டார்.

அன்று இரவு அப்பாரு ஞாபகம் வந்தது. எந்த மாட்டையும் அவர் வாயைத் திறந்து பல் பார்க்காமல் பேச்சை எடுக்க மாட்டார். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா என்று உரக்கச் சொல்வார். சுழி பார்ப்பார். குறை இருந்தால் அதையும் துண்டுக்கு வெளியே சொல்வார். விலை மட்டும்தான் துண்டுக்குள். நானோ விலையை வெளியே வைத்துவிட்டுக் குறையைத் துண்டுக்குள் வைத்திருந்தேன்.

ஓட்டிப் பார்க்காத எந்திரங்களின் பக்கங்களை எல்லாம் எடுத்தேன். மீதி ஒவ்வொன்றின் தலையிலும், இதை வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும் என்று எழுதினேன். இந்தியாவில் 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைத்தான் கேட்கிறது. பிறகு எந்திரங்களை வாடகைக்கு எடுத்துத் தோப்பில் ஓட்டினேன். எத்தனை லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை மர வரிசை, எங்கே நடுங்குகிறது, கொழுமத்திலோ மடத்துக்குளத்திலோ உதிரிப்பாகம் கிடைக்குமா என்று எழுதினேன். அரை ஏக்கருக்கு இது வேண்டாம், ஆள் விட்டு வெட்டுங்கள் என்றும் எழுதினேன்.

ஆறு மாதம் வருமானம் பாதியாகக் கிடந்தது. பிறகு மெல்ல ஏறி, பழைய அளவைத் தாண்டியது. காரணம் சின்னது: பொருள் திரும்பிப் போனால் கமிஷனும் ரத்து. திரும்பிப் போவது குறைந்திருந்தது. அழுத்துகிறவர்கள் குறைந்தாலும் வாங்குகிறவர்கள் கூடியிருந்தார்கள். ஒருமுறை வாங்கியவர் அடுத்த பொருளுக்கும் வந்தார். அப்பாருவிடம் மூன்று தலைமுறையாக மாடு வாங்கிய குடும்பங்கள் உண்டு. அந்தக் கணக்கை நான் தாமதமாகத்தான் படித்தேன்.

மாமா அதற்குப் பிறகு என் தளத்தில் எதையும் வாங்கவில்லை. போன மாதம் அவர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். சாளையின் சுவரோரம் அந்த எந்திரம் சாய்ந்து கிடந்தது. மேலே கோழி உட்கார்ந்திருந்தது. மாமா அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தார். மழை பெய்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.