பற்சில்லும் வல்லைவெளிக் காற்றும்
யாழ்ப்பாணத்துத் துவிச்சக்கரவண்டி வரலாற்றில் ஒரு கூறு

யாழ்ப்பாணத்தின் சமூக வரலாற்றை எழுதப் புகுவோர் கோயிலையும் கல்லூரியையும் நூலகத்தையும் தவறாது குறிப்பிடுவர். அவ்விடங்களுக்கு மக்களைக் கொண்டுசென்ற துவிச்சக்கரவண்டியைக் குறிப்பிடுவோர் சிலரே. மிதிப்பவனின் வலுவைச் சில்லுக்கு அளந்து கொடுக்கும் பற்சில்லைப் பற்றியோ பேசுவார் அரியர். முதன்முதலாக வீதியோட்டச் சைக்கிள் வாங்க விழையும் மாணவர், 'எத்தனை கியர் உள்ள வண்டி வேண்டும்?' என்று இன்று வினவுகின்றனர். அவ்வினாவுக்கான விடையின் பெரும்பகுதி குடாநாட்டின் நிலத்திலும் அதன் வரலாற்றிலும் அடங்கியுள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1870களில் மேனாட்டில் வழங்கிய உயர்சில்லு வண்டியில் மிதி முன்சில்லோடு நேரே பிணைக்கப்பட்டிருந்தது. விரைவு வேண்டின் சில்லு பெரிதாக வேண்டும். ஓட்டுபவனின் கால்நீளமே அதற்கு எல்லை. 1885இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராளி உருவாக்கிய றோவர் வண்டி, பின்சில்லைச் சங்கிலியால் இயக்கி அவ்வெல்லையை அகற்றியது. முன்பற்களின் தொகையைப் பின்பற்களின் தொகையால் வகுத்துச் சில்லின் விட்டத்தால் பெருக்கினால் வண்டியின் கியர் அளவு அங்குலத்திற் கிடைக்கும். மறைந்துபோன உயர்சில்லின் விட்டமே இவ்வாறு ஓர் அளவுகோலாக எஞ்சி நிற்கின்றது.

முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் கொண்ட 28 அங்குலச் சில்லு வண்டியொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கியர் அளவு ஏறத்தாழ 68 அங்குலம். மிதி ஒருமுறை சுழல வண்டி 5.5 மீற்றர் செல்லும். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகம் கிட்டும். சமதரையில் அமைதியான காலைவேளைக்கு இதைவிட வேறொன்று தேவையில்லை. கீரிமலை என்னும் பெயரில் மலை உண்டேயன்றி அவ்வூரில் மலை இல்லை. ஆதலின் குடாநாட்டுக்கு ஒற்றைக் கியரே போதுமென்பது பொதுவான எண்ணம்.

இவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று. குடாநாட்டின் ஏற்றம் நிலத்தில் இல்லை, காற்றில் உள்ளது. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் வீதி வடகிழக்கிலிருந்து தென்மேற்காகக் கிடக்கின்றது. சோளகக்காற்று வீசும் மாதங்களில் நகரம் நோக்கிச் செல்பவன் அதனை நேரே எதிர்கொள்வான். வாடைக்காற்றுக் காலத்தில் வீடு திரும்புகையில் எதிர்கொள்வான். மரநிழலற்ற வல்லைவெளியில் இதன் வன்மை எத்தகையது என்பதை அவ்வழி சென்றோர் அறிவர். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவனை அதே வேகமுள்ள எதிர்க்காற்று தாக்கினால், காற்றின் தடை நான்கு மடங்காகின்றது. பின்னால் ஒரு மூட்டை மரக்கறியும் இருப்பின் 68 அங்குலம் பெருஞ்சுமையாகும். பின்பற்சில்லை 22 பற்களாக மாற்றினால் அளவு 56 அங்குலமாகக் குறையும். ஆனால் காற்றில்லா நாளில் கால்கள் வீணே சுழலும். ஒற்றைக் கியரைத் தெரிவதென்பது எந்த நாளின் துன்பத்தை ஏற்பது என்று தெரிவதேயாம்.

இதற்கு மாற்று உலகில் இல்லாமலில்லை. ஸ்ரேமி ஆச்சர் நிறுவனத்தின் மூன்று வேகக் குடம் 1902இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. ஆயினும் பிரான்சுச் சுற்றோட்டப் போட்டியில் சங்கிலிமாற்றி 1937 வரை அனுமதிக்கப்படவில்லை. கியர் மாற்ற விரும்பிய வீரர் இறங்கிப் பின்சில்லைக் கழற்றித் திருப்பிப் பூட்டினர். பல கியர் ஆண்மைக்கு இழுக்கென்ற மனப்பான்மை அங்கு அதற்குத் துணைநின்றது.

யாழ்ப்பாணத்தில் ஒற்றைக் கியர் நிலைத்ததற்குக் காரணம் பெருமிதமன்று. விலையும் பழுதுபார்த்தலின் எளிமையுமே அதற்குக் காரணமாயின. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நாடெங்கும் இறுகியிருந்தது. 1990களில் எரிபொருளும் மின்கலமும் குடாநாட்டுக்குள் தடைப்பட்டபோது, ஆசிரியரையும் நோயாளியையும் விறகையும் சுமந்தது சைக்கிளே. அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட இரவுகளும் இருந்தன. சாவியொன்றும் சுத்தியலொன்றும் கொண்டு வீதியோரத்தில் திருத்தக்கூடிய பொறியே அந்நாளில் மக்களுக்கு உதவியது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, பலர் மூட்டைகளும் முதியோரும் ஏறிய சைக்கிள்களை மிதிக்கவில்லை, உருட்டிச் சென்றனர். எந்தப் பற்சில்லும் பயன்படாத எல்லை ஒன்று உண்டென்பதை அவ்விரவு காட்டிற்று.

இன்று வண்டி தெரிபவர் இவ்வரலாற்றினின்றும் மூன்று பாடங்களைப் பெறலாம். முதலாவது, உயர்ந்த கியரில் மயங்கலாகாது. 50 முன்பற்களும் 11 பின்பற்களும் 90 சுழற்சிக்கு மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகம் தரும். சமதரையில் புதியவர் அதனைப் பயன்படுத்தும் சந்தர்ப்பம் அரிது. இரண்டாவது, குடாநாட்டுள் ஓடுபவருக்கு அடுத்தடுத்த பின்பற்சில்லுகளிடையே வேறுபாடு சிறிதாக இருப்பதே நன்று. காற்று சிறிது சிறிதாகவே மாறும். நுவரெலியாவுக்கு ஏற எண்ணுபவருக்கோ முன்னே 34, பின்னே 32 போன்ற தாழ்ந்த இணை வேண்டும். மூன்றாவது, தம் ஊரில் திருத்தக்கூடியதையே வாங்குதல் வேண்டும்.

பற்களின் தொகை கடையிற் கிடைக்கும். தாம் செல்லும் வீதியின் திசையையும் அங்கு வீசும் காற்றையும் சுமக்கும் சுமையையும் வாங்குபவரே அறிதல் வேண்டும். ஒற்றைக் கியருடன் வல்லைவெளியைக் கடந்து கல்வி கற்ற தலைமுறைக்கு அவ்வறிவு இருந்தது. அதனை இழவாது காப்பது நம் கடனாகும்.