பொட்டு ஏன் கடித்தது? ஒரு நாய்க்குட்டியும் மூன்று பழைய தீர்ப்புகளும்

போன மாரி மழைக்குள் லிங்கநகரில் எங்கட ஒழுங்கை முடக்கில் ஒரு கட்டாக்காலி நாய் ஐந்து குட்டி போட்டது. நாலு குட்டியை ஆராரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்த ஒன்றை நாங்கள் உரப்பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நெற்றியில் வெள்ளைப் புள்ளி, அதனால் பெயர் பொட்டு. வயது ஐந்து கிழமை இருக்கும். எங்கள் வீட்டில் அதற்கு முன் ஒருவரும் நாய் வளர்த்ததில்லை.

முதல் கிழமையே குழப்பம் தொடங்கிவிட்டது. இரவெல்லாம் கத்தல். கை, கால், சாரம், பாவாடை எதைக் கண்டாலும் கடி. ஆரும் வீட்டுக்கு வந்தால் அவர்கள் காலடியில் மூத்திரம். சோற்றுக் கோப்பைக்குக் கிட்டப் போனால் உறுமல். தண்ணீர்ச் சட்டியை வைத்தால் பின்னுக்குப் போய் நிற்கும். கடைசியில் ஒருநாள் அது சாப்பிடும்போது எங்கள் சின்னத் தங்கச்சி முதுகைத் தடவப் போக, விரலில் பல்லுப்பட்டு இரத்தம் வந்துவிட்டது.

அன்று பின்னேரத்துக்குள் மூன்று தீர்ப்புகள் வந்தன. அம்மம்மா சொன்னார்: "தண்ணிக்குப் பயப்பிடுது பிள்ளையள், இது விசர்." பக்கத்து வீட்டு மாமா சொன்னார்: "ஆர் பெரிசு எண்டு அதுக்குக் காட்ட வேணும். நாலு அடி போடுங்கோ, சரிவரும்." இன்னொருவர் சொன்னார்: "சந்தைப் பக்கம் கொண்டேய் விட்டுட்டு வாங்கோ, அது பிழைச்சுக்கொள்ளும்."

மூன்று பேரும் எங்கள் மேலுள்ள அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனால் எதைக் கேட்பது? இரண்டு மூன்று கிழமை தேடி வாசித்த பிறகுதான் விளங்கியது, இந்த மூன்று தீர்ப்புக்கும் தனித்தனிச் சரித்திரம் இருக்கிறது.

முதல் தீர்ப்பு: இது விசர்

அம்மம்மாவின் பயத்தை நாங்கள் சிரித்துத் தள்ளவில்லை. தள்ளவும் கூடாது. விசர்நாய்க்கடி நோய் வெளியில் தெரிந்துவிட்டால் பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். 1885 யூலை 6ஆம் திகதி பாரிசில் லூயி பாஸ்டர் 9 வயது யோசப் மைஸ்டருக்குத் தன் தடுப்பு மருந்தைக் கொடுத்தார். 13 ஊசிகள். பையன் பிழைத்தான். அதன்பிறகுதான் கடித்த பிறகும் செய்ய ஒரு வழி உண்டு என்று உலகம் அறிந்தது.

இலங்கையில் பிரித்தானிய அரசு வேறு வழியிலும் போனது. 1893இல் விசர்நாய் நோய்ச் சட்டமும் 1901இல் நாய்கள் பதிவுச் சட்டமும் வந்தன. பதிவு உள்ள நாய்க்கு ஒரு நீதி, தெருவில் திரிவதற்கு வேறு நீதி. தெரு நாயைப் பிடித்துக் கொல்வது ஒரு நூற்றாண்டுக்கு மேல் வழமையாகவே நடந்தது. நாயைக் கொல்லாத கொள்கை 2006இல்தான் வந்தது. கொலை நடந்த காலத்திலேயே, 1973இல், இந்த நாட்டில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். பிறகு அந்த எண்ணிக்கையை ஆண்டுக்குச் சில பத்துகளாகக் குறைத்ததில் பெரும்பங்கு நாய்களுக்குப் போட்ட தடுப்பூசிக்கும், கடிபட்டவருக்கு நேரத்தோடு கிடைத்த சிகிச்சைக்கும் உரியது.

அம்மம்மாவுக்கு நாய்க்கடி என்றால் வயிற்றில் போடும் ஊசிதான் ஞாபகம். அதுவும் சரித்திரம்தான். 1911இல் இந்தியாவின் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்து பல தசாப்தங்கள் ஆசியா முழுக்கப் பாவனையில் இருந்தது. வயிற்றில் நாள்தோறும் போட வேண்டும், பக்கவிளைவும் உண்டு. அந்தப் பயத்தில் ஆசுப்பத்திரிக்குப் போகாமல் மறைத்தவர்கள் எத்தனை பேரோ. இப்போது உள்ள ஊசி வேறு மருந்து, கையில் போடுவது.

"தண்ணிக்குப் பயம்" என்பதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. நீர்வெறுப்பு நோய் என்ற பெயர் மனிதரைப் பார்த்து வைத்த பெயர். நோய் முற்றிய மனிதருக்குத் தண்ணீர் விழுங்கப் போனால் தொண்டைத் தசை இழுத்துப் பிடிக்கும், தண்ணீரைக் கண்டாலே நடுங்குவார். நாய்க்கு அப்படியில்லை. அதற்குத் தாடையும் தொண்டையும் செயலிழந்து விழுங்க ஏலாமல் போகலாம், ஆனால் தண்ணீரைக் கண்டு ஓடுவது அதன் அடையாளம் இல்லை. பொட்டுவின் தண்ணீர்ச் சட்டி ஒரு பளபளப்பான எவர்சில்வர் சட்டி. மண் சட்டிக்கு மாற்றினோம், மடமடவென்று குடித்தது.

அதற்காக, குட்டிதானே என்று விடவும் முடியாது. குட்டிக்கும் இந்த நோய் வரும், குட்டியில் அறிகுறி தெளிவாகத் தெரியாமலும் போகலாம். அதனால் தங்கச்சியின் விரலை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவினோம். பிறகு நேரே ஆசுப்பத்திரி. பொட்டுவுக்கு ஊசி போட்டிருக்கவில்லை என்பதையும் சொன்னோம். வைத்தியர் ஊசியைத் தொடங்கிவிட்டு, குட்டியைக் கட்டிவைத்து 14 நாள் பாருங்கள் என்றார். எச்சிலில் கிருமி இருக்கும் நாய் அந்த நாட்களுக்குள் நோய்ப்பட்டுவிடும் அல்லது செத்துவிடும் என்பதுதான் கணக்கு. கொன்றிருந்தாலோ கொண்டுபோய் விட்டிருந்தாலோ அதைப் பார்க்கவே முடியாமல் போயிருக்கும்.

அந்த 14 நாளும் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. பொட்டு ஒவ்வொரு காலையும் வாலை ஆட்டிக்கொண்டு எழும்பியது.

இரண்டாம் தீர்ப்பு: அடி

மாமாவின் சொல்லுக்கும் பிறந்த ஊர் உண்டு. 1910இல் ஜெர்மனியில் கொன்ராட் மோஸ்ட் என்ற பொலிஸ் அதிகாரி நாய்ப் பயிற்சிக்கு ஒரு கைநூல் எழுதினார். வற்புறுத்தலும் தண்டனையும் அதில் முக்கிய கருவிகள். பொலிஸ், இராணுவம் வழியாக அந்த முறை உலகமெங்கும் பரவியது.

1947இல் ருடோல்ப் ஷெங்கல் என்பவர் சுவிற்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிச்சாலையில் அடைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதினார். கூட்டத்துக்குள் தலைமைக்குச் சண்டை நடக்கிறது என்றார். 1970இல் டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளரின் ஓநாய்ப் புத்தகம் அந்த எண்ணத்தை இன்னும் பரப்பியது. ஓநாய் அப்படியென்றால் அதன் வழிவந்த நாயும் அப்படித்தான், நீ தலைவனாக இல்லாவிட்டால் அது தலைவனாகிவிடும் என்று நாய் வளர்ப்போர் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு மெக் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் கிட்ட இருந்து பார்த்தார். அங்கே கண்டது தாய், தகப்பன், பிள்ளைகள். ஒரு குடும்பம். முன்பின் அறியாத ஓநாய்களை ஒரு கூண்டுக்குள் போட்டு அடைத்தால்தான் அந்தச் சண்டை. 1999இல் மெக் தன் பழைய சொல்லைத் தானே திருத்தி எழுதினார்.

இந்த இடத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. அடைத்துவைத்த ஒரு கூட்டத்தைப் பார்த்து, "இவர்கள் குணமே இப்படித்தான்" என்று எழுதிவிடுவது ஓநாய்க்கு மட்டும் நடந்த கதை இல்லையே.

கோப்பைக்குக் கிட்ட உறுமிய பொட்டு தலைமைக்குப் போட்டி போடவில்லை. ஐந்து குட்டிக்குள் ஒரு தாயின் பாலுக்கு முண்டியடித்த குட்டி, தன் சோறு போய்விடும் என்று பயந்தது. உறுமல் என்பது நாயின் சொல்: "கிட்ட வராதே, எனக்குப் பயமாக இருக்கு." அதற்கு அடித்தால் உறுமல் நிற்கலாம், பயம் நிற்காது. அடுத்தமுறை உறுமாமலே கடிக்கும். குரைக்கிற நாய் கடிக்காது என்று எங்கட ஆட்கள் சொல்வதை அப்படியே நம்ப ஏலாது. ஆனால் குரைப்பையும் உறுமலையும் அடித்து நிறுத்திய நாயை நம்பவே ஏலாது.

மூன்றாம் தீர்ப்பு: கொண்டேய் விடு

இதற்குப் பதில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் ஆய்வுகூடத்தில் கிடைத்தது. அங்கே யோன் போல் ஸ்கொட், யோன் புல்லர் இருவரும் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்துப் படித்து 1965இல் பெரிய நூலொன்று எழுதினார்கள். அதே ஆய்வுகூடத்தில் நடந்த, 1961இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில் குட்டிகளை வேலியடைத்த வெளியில் மனிதர் பழகாமல் வளர்த்தார்கள். வெவ்வேறு வயதில் சில குட்டிகளை மட்டும் எடுத்து ஒரு கிழமை பழக்கினார்கள். 14 கிழமை வரை ஆருமே பழகாத குட்டிகள் மனிதரைக் கண்டால் காட்டு மிருகம்போல் ஒதுங்கின.

மூன்றாம் கிழமையிலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாம் கிழமை வரை குட்டியின் மனக்கதவு திறந்திருக்கிறது. அந்த நேரம் கண்ட மனிதர், கேட்ட சத்தம், பட்ட கை எல்லாம் அதற்குப் பழகிய உலகம். அதற்குள் அது கற்க வேண்டிய இன்னொரு பாடம் கடியின் அளவு. குட்டிகள் விளையாடும்போது ஒன்று பலமாகக் கடித்தால் மற்றது கீச்சிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அப்படித்தான் எவ்வளவு கடிக்கலாம் என்று பழகுகின்றன. பொட்டுவுக்கு அந்தப் பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனது. கூடப்பிறந்தவை போய்விட்டன, ஐந்தாம் கிழமையில் நாங்கள் தாயிடமிருந்தும் பிரித்துவிட்டோம். இரவுக் கத்தல் தாயைத் தேடின கத்தல். காலடி மூத்திரம் "என்னை ஒன்றும் செய்யாதே" என்ற கெஞ்சல். நாங்கள் கவலைப்பட்ட குணங்களில் பாதிக்கு நாங்களே காரணம்.

கொண்டுபோய் விடுகிற நாய்தான் பிறகு கட்டாக்காலி. எங்கள் பக்கத்தில் அது இன்னும் கூடுதலாக உண்மை. போர்க்காலத்தில் சனம் உடுத்த உடுப்போடு ஓடியபோது வளவுக்குள் நின்ற நாய்கள் அப்படியே நின்றன. அவை ஆரும் இல்லாத நாய்களாகப் பிறக்கவில்லை.

எங்கட பழைய ஆட்கள் நாயை இப்படி மட்டும் பார்க்கவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. மாடு மீட்கப் போய் இறந்த வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயையும் அதில் செதுக்கி, கோவிவன் என்று பெயரும் வெட்டியிருக்கிறார்கள். மகாவம்சத்தில் விஜயனின் ஆள் ஒருவன் கரையில் நாயைக் கண்டதும் அதன் பின்னால் போகிறான். நாய் இருந்தால் கிட்ட ஊர் இருக்கும் என்பது அவன் கணக்கு. எங்கள் குடாவுக்கு அப்பால் கொட்டியாரத்தில் 1660இல் பிடிபட்ட ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் வந்த தன் புத்தகத்தில் இந்தத் தீவின் மிருகங்களை வரிசைப்படுத்தும்போது நாயையும் நரியையும் சேர்க்கிறார், குதிரையும் செம்மறியும் இல்லை என்கிறார். நாய் இங்கே வந்தேறு குடி இல்லை.

பொட்டுவுக்கு இப்போது ஏழு மாதம். செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. பலமாகக் கடித்தால் விளையாட்டை நிறுத்தி எழும்பிப் போனோம். மெல்ல ஒரு பழைய துணியைக் கொடுத்தோம். சாப்பிடும்போது கோப்பையைப் பறிக்காமல், கிட்டப் போய் ஒரு மீன் துண்டைப் போட்டுவிட்டு வந்தோம். ஒரு மாதத்தில், எங்கள் கை கோப்பைக்குக் கிட்டப் போனால் வாலை ஆட்டத் தொடங்கிவிட்டது. தங்கச்சியை மட்டும் இன்னும் தனியாக விடுவதில்லை.

நாய்களுக்குத் தடுப்பூசி போட வந்தபோது பொட்டுவோடு ஒழுங்கை முடக்கில் கிடந்த அதன் தாயையும் கயிறு கட்டிக் கொண்டுபோனோம். அட்டை எழுதியவர் பேனையை வைத்துக்கொண்டு கேட்டார், "இது ஆற்ற நாய்?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு எங்கட வீட்டு விலாசத்தைச் சொன்னோம்.