அல்பைசீனின் கதவுகள்

கிரனாடா என்றதும் நம்மில் பலருக்கு அல்ஹம்ப்ரா அரண்மனைதான் ஞாபகம் வரும். சிவப்பு மதில், சிங்கங்கள் தாங்கி நிற்கும் நீர்த்தொட்டி, அழுதபடி வெளியேறிய கடைசி சுல்தான். எகிப்திய எழுத்தாளர் ரத்வா ஆஷூர் 1994-95இல் அரபியில் எழுதிய 'கிரனாடா' முந்நாவலில் இதெல்லாம் தூரத்திலேயே நின்றுவிடுகிறது. அரண்மனைக்கு எதிரே, தார்ரோ ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற குன்று அல்பைசீன். புத்தகம் கட்டும் தொழில் செய்கிற அபூ ஜாஃபரின் குடும்பம் அங்கேதான் வாழ்கிறது. அந்த வீட்டிலிருந்துதான் ஆஷூர் வரலாற்றைப் பார்க்கிறார்.

அரண்மனை 1492 ஜனவரி 2ஆம் தேதி கைமாறியது. ஒரே நாளில் முடிந்த காரியம். ஆனா ஒரு தெரு அப்படிக் கைமாறாது, தலைமுறைகள் ஆகும். சரணடைந்தபோது எழுதிய உடன்படிக்கை பள்ளிவாசல்களுக்கும் வீடுகளுக்கும் பாதுகாப்பு தருவதாகச் சொன்னது. எட்டு வருஷம்கூட ஆகவில்லை, அல்பைசீனின் பெரிய பள்ளிவாசல் தேவாலயமாகிவிட்டது. பேராயர் சிஸ்னெரோஸின் ஆணைப்படி அரபு நூல்களைக் குவித்து எரித்தார்கள். நாவலில் அதைப் பார்த்துவிட்டு வரும் அபூ ஜாஃபர் அன்றிரவே இறந்துபோகிறார். அதற்கு முன்பே காப்பாற்றிய புத்தகங்கள் ஐனுத் தம்உ என்கிற இடத்தில் இருக்கும் இன்னொரு வீட்டின் நிலவறைக்குப் போய்விடுகின்றன. பெயருக்குப் பொருள் கண்ணீர்ச் சுனை. ஆஷூர் சூட்டிய பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், நிஜமாகவே அந்த இடத்துக்கு அதுதான் பெயர்.

இதன் பிறகு இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. பொதுக் குளியலறை மூடப்படுகிறது. ஊர்க்கதை பேச, பெண் பார்க்க, வம்பளக்க இருந்த ஒரே இடம் அது. மிச்சமிருப்பது வீடு. அங்கேயும் விடவில்லை. 1567இல் வந்த அரசாணை அரபு மொழியையும் உடையையும் குளியலறைகளையும் தடைசெய்ததோடு, வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக் கதவைத் திறந்தே வைக்கணும் என்றது. உள்ளே யாராவது தொழுகிறார்களா என்று தெருவில் போகிறவன் எட்டிப் பார்க்கலாம். அந்த ஊர் வீடுகளின் கட்டுமானத்தை யோசித்துப் பாருங்கள்: தெருப்பக்கம் வெறும் சுவர், வாழ்க்கை முழுக்க உள்முற்றத்தில். அப்படிப்பட்ட வீட்டுக்குக் கதவைத் திறந்து வை என்பது, வீடாகவே இருக்காதே என்பதுதான்.

ஆஷூரின் கணவர், பாலஸ்தீனக் கவிஞர் முரீத் பர்கூதி, 1977இல் எகிப்திலிருந்து வெளியேற்றப்பட்டவர். குடும்பம் பல வருடங்கள் இரண்டு நாடுகளில் பிரிந்து வாழ்ந்தது. அதனால் இந்த நாவலைப் பாலஸ்தீனத்தின் உருவகமாகப் படிப்பவர்கள் நிறையப் பேர். தப்பில்லை. ஆனா அதோடு நிறுத்திக்கொண்டால் அல்பைசீன் வெறும் முகமூடி ஆகிவிடும். இது அந்தக் குறிப்பிட்ட சந்துகளின், அந்தக் குறிப்பிட்ட முற்றத்தின் கதையும்தான்.

மூன்றாம் பாகம் கொஞ்சம் தளர்ந்ததாகவே எனக்குப் படுகிறது. 1568இல் வெடித்த கிளர்ச்சியைத் தொடர்ந்து கிரனாடாவின் மக்கள் கூட்டங்கூட்டமாக நடத்திச் செல்லப்படுகிறார்கள். வழியிலேயே இறந்துபோகும் பாட்டி மர்யமாவைப் பேரன் அலி புதைக்கிறான். பின்னால் அவன் வலென்சியா பக்கம் ஒரு கிராமத்தில் தங்கும்போது, அல்பைசீனை எழுதிய அந்த நெருக்கம் எழுத்தில் இல்லை. அவனுக்கே அது சொந்த ஊர் இல்லையே!

1609இல் மொத்தமாக நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லி ஆணை வருகிறது. கரைக்கு வந்த அலி கப்பல் ஏறவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டி உள்நாட்டை நோக்கி நடக்கிறான். மர்யமாவைப் புதைத்த மண் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.