கதவில் இல்லாத பெயர்: ஓர் ஆற்றங்கரை வீட்டின் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓவியப் பாடத்தின்போது ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் சில நீர்வண்ண ஓவியங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். சுவீடன் நாட்டு ஓவியர் கார்ல் லார்சன் வரைந்தவை அவை. சிவப்பும் பச்சையும் பூசிய உணவறை, பூச்செடிகள் வரிசையாக நிற்கும் சாளரம், தரையில் அமர்ந்து விளையாடும் பிள்ளைகள் எனப் பார்ப்பவர் மனத்தில் உடனே ஒட்டிக்கொள்ளும் காட்சிகள்.

“ஆற்றங்கரையில் இருந்த பழைய விடுமுறை வீட்டை ஓவியர் எவ்வளவு அழகாகப் புதுப்பித்திருக்கிறார், பாருங்கள்” என்றேன்.

ஒரு மாணவி எழுந்து, “ஐயா, அந்த மேசை விரிப்பைச் செய்தவர் யார்?” என்று கேட்டாள்.

“எல்லாம் ஓவியரின் கைவண்ணம்தான்” என்று சற்றும் எண்ணிப் பாராமல் மறுமொழி கூறிவிட்டேன்.

அந்த மறுமொழி பிழையானது. அன்று மாலை அவ்வீட்டின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோதே அது தெரிந்துவிட்டது. மறுவாரம் வகுப்பில் என் பிழையைத் திருத்திக்கொண்டேன். அந்தத் திருத்தத்தின் விரிவே இக்கட்டுரை.

வறுமையில் பிறந்தவர்

கார்ல் லார்சன் 1853ஆம் ஆண்டு, சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமின் பழைய நகர்ப்பகுதியில் பிறந்தார். தாயார் துணி வெளுத்துக் குடும்பத்தைக் காத்தவர். தந்தையோ பொறுப்பும் பரிவும் இல்லாதவர். மகன் பிறந்த நாளையே சபித்துப் பேசியவர் என்று கார்ல் பின்னாளில் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். நெருக்கமான, துப்புரவற்ற குடியிருப்புகளில் அவருடைய இளமை கழிந்தது.

அவருக்கு வாழ்வின் வாயிலைத் திறந்துவிட்டவர் ஓர் ஆசிரியர். ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த அவர், 13 வயதுச் சிறுவனின் திறமையைக் கண்டு, அரச கலைக்கழகத்தின் தொடக்க நிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்குமாறு தூண்டினார். நம்மைப் போன்ற ஆசிரியர்கள் இவ்விடத்தில் சற்று நின்று செல்லலாம்.

பின்னர் கார்ல் பிரான்சு நாட்டுக்குச் சென்றார். அங்கே லுவான் ஆற்றங்கரையில் உள்ள கிரே என்னும் சிற்றூரில் சுவீடன் ஓவியர்கள் கூடி வாழ்ந்தார்கள். அங்குதான் அவர் காரின் பெர்யோவைச் சந்தித்தார். 1859இல் பிறந்த காரின், அதே கலைக்கழகத்தில் 1877 முதல் 1882 வரை முறையாகப் பயின்ற ஓவியர். இருவரும் 1883இல் மணம் புரிந்துகொண்டனர். பிள்ளைகள் பிறக்கத் தொடங்கியபின் காரின் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். ஆனால், கலையைக் கீழே வைக்கவில்லை. வரலாறு நெடுங்காலம் கவனிக்கத் தவறியது இதைத்தான்.

ஆற்றங்கரையில் ஒரு பரிசு

ஸ்டாக்ஹோமுக்கு வடமேற்கே, டாலர்னா மாநிலத்தில், ஃபாலுன் நகருக்கு அருகே சுண்ட்போர்ன் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே ஆற்றோரமாக மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு சிறு வீடு இருந்தது. காரினின் தந்தைக்கு உரிய அவ்வீட்டை அவர் 1888ஆம் ஆண்டு இளந்தம்பதியர்க்குப் பரிசாக அளித்தார். ‘லில்லா ஹிட்னேஸ்’ என்பது அதன் பெயர். உலைக்களம் இருந்த சிறு நிலமுனை என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம்.

உலைக்களம் என்னும் சொல் வீண்போகவில்லை. ஃபாலுனில் பல நூற்றாண்டுகள் இயங்கிய பெரும் செப்புச் சுரங்கம் உண்டு. 1992இல் மூடப்பட்ட அச்சுரங்கப் பகுதி, 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சுவீடன் நாட்டு மரவீடுகளின் புகழ்பெற்ற செந்நிறப் பூச்சு அச்சுரங்கத்தின் கழிவு மண்ணிலிருந்து பிறந்தது. அம்மண்ணின் நிறப்பொடியை நீர், ரை என்னும் தானியத்தின் மாவு, ஆளி விதை எண்ணெய் ஆகியவற்றோடு சேர்த்துக் காய்ச்சினால் மரத்தைக் காக்கும் மலிவான பூச்சு கிடைக்கும்.

கார்ல் அக்காலத்தில் கோதன்பர்க் நகரின் ஓவியப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். எனவே சுண்ட்போர்ன் வீடு முதலில் கோடை விடுமுறைக்கு மட்டுமே பயன்பட்டது.

இடிக்காமல் புதுப்பித்தல்

கையில் பணம் குறைவு. பிள்ளைகளோ ஒருவர்பின் ஒருவராகப் பிறந்தனர். மொத்தம் எண்மர், அவர்களுள் ஒருவன் கைக்குழந்தையாகவே இறந்துவிட்டான். இந்நிலையில் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட அவர்கள் நினைக்கவில்லை. தேவை எழும்போதெல்லாம் ஓர் அறையைச் சேர்த்தனர். உறவினர் வீடுகளிலிருந்து வந்த பழைய நாற்காலிகளைத் தூக்கி எறியாமல், அவற்றுக்குப் புதிய வண்ணம் பூசினர். உணவறை சிவப்பும் பச்சையும் பெற்றது. வரவேற்பறையில் நீலமும் வெள்ளையும் கோடுகளாக ஓடின. கார்ல் கதவுகளிலும் சுவர்களிலும் பூமாலைகளையும் குடும்பத்தினரின் உருவங்களையும் தீட்டினார். மரவேலையையும் இரும்பு வேலையையும் உள்ளூர்க் கைவினைஞர் செய்து தந்தனர்.

அக்காலத்து வசதி படைத்தோர் வீடுகள் எப்படி இருந்தன என்பதை நினைத்தால்தான் இதன் புதுமை விளங்கும். கனத்த திரைச்சீலைகள், கரிய மரச்சாமான்கள், விருந்தினர் வரும்போது மட்டும் திறக்கப்படும் வரவேற்பறை என்பதே நாகரிகமாகக் கருதப்பட்ட காலம் அது. லார்சன் வீட்டிலோ பிள்ளைகள் நுழையக்கூடாத அறை என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. ஓவியங்களில் ஏறக்குறைய ஒவ்வோர் அறையிலும் ஒரு பிள்ளையைப் பார்க்கிறோம்.

மழை தந்த ஓவியங்கள்

1894ஆம் ஆண்டின் கோடையில் ஓயாத மழை. வெளியே சென்று வரைய இயலாமல் கார்ல் சோர்ந்து கிடந்தார். வீட்டின் உட்புறத்தையே வரையலாமே என்று கூறியவர் காரின். உணவு மேசையில் குறும்பு செய்ததற்காக அனுப்பிவைக்கப்பட்டு, வரவேற்பறை மூலையில் முகம் வாடி அமர்ந்திருந்த மகன் பொந்துஸ், அவ்வரிசையின் தொடக்க ஓவியங்களுள் ஒன்றுக்குப் பொருளானான். ஒரு தண்டனையை நாடு முழுவதும் அறிந்த ஓவியமாக்கிய தந்தை அவர்!

அவ்வோவியங்கள் 1899இல் ‘எட் ஹெம்’, அதாவது ‘ஓர் இல்லம்’ என்னும் பெயரில் நூலாயின. 1909இல் செருமன் மொழியில் மலிவுப் பதிப்பாக வந்த நூலோ சில மாதங்களிலேயே பல்லாயிரம் படிகள் விற்றது.

ஆசிரியராகவும் பணியாற்றிய சிந்தனையாளர் எலன் கேய், ‘அழகு அனைவர்க்கும்’ என்னும் பொருளுடைய தம் நூலை 1899இல் வெளியிட்டார். அழகு செல்வர்க்கு மட்டும் உரியதன்று, எளிய வீட்டிலும் அது வாழ இயலும் என்ற தம் கருத்துக்கு லார்சன் இல்லத்தையே அவர் சான்றாகக் காட்டினார். 1900இல் அவர் எழுதிய ‘குழந்தையின் நூற்றாண்டு’ நூலைக் கல்வியியல் படித்தவர்கள் அறிந்திருப்பார்கள்.

குளிர்காலத்தை எதிர்கொண்ட வீடு

கோடையில் மட்டும் தங்கும் வீட்டுக்கும் ஆண்டு முழுவதும் வாழும் வீட்டுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. ஆண்டெல்லாம் வெயிலும் மழையும் மாறிமாறி வரும் நம் நாட்டில் இருந்துகொண்டு அதை உணர்வது கடினம். சுண்ட்போர்னில் திசம்பர் மாதப் பகல் ஆறு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. நிலமெங்கும் உறைபனி மூடிக்கிடக்கும். 1901ஆம் ஆண்டு லார்சன் குடும்பம் அங்கு நிலையாகக் குடியேறியது. விடுமுறை வீடு அன்று முதல் குளிர்கால வீடாகவும் ஆனது.

சுவீடன் நாட்டு மரவீடுகள் குளிரை எதிர்கொள்ளும் முறைகள் கற்கத்தக்கவை. அடுக்கிய மரக்கட்டைகளுக்கு இடையே உள்ள இடுக்குகளில் பாசியைத் திணித்துக் காற்றைத் தடுப்பார்கள். இலையுதிர் காலத்தில் சாளரத்தின் உட்புறம் இரண்டாவது சாளரம் ஒன்றைப் பொருத்துவார்கள். அறையின் மூலையில் ஓடு பதித்த உயரமான கணப்படுப்பு நிற்கும். 1767இல் குரோன்ஸ்டெட், விரேட என்னும் இருவர் அதன் அமைப்பை மேம்படுத்தினர். புகை நேரே மேலே சென்றுவிடாமல் உள்ளே வளைந்து வளைந்து செல்லுமாறு வழிகள் அமைத்தனர். அதனால் குறைந்த விறகில் அறை நெடுநேரம் சூடாக இருந்தது.

வெப்பத்தைப் போலவே வெளிச்சமும் அரிதான பொருள். ஆகவேதான் கனத்த திரைகளை நீக்கி, சாளரத்தில் பூச்செடிகளை வைத்து, வெளிர் வண்ணங்களைப் பூசியது இத்துணை நன்மையாக அமைந்தது. கிடைக்கின்ற சிறிதளவு வெயிலும் அறைக்குள் வந்து சேர்ந்தது.

வட நாடுகளில் நீண்ட குளிர்கால இரவுகள் கைவேலைக்கான காலம். நெசவு, மரச்செதுக்கு, பின்னல் யாவும் கணப்படுப்பின் அருகே நடந்தன. இந்த வீட்டுக் கைவினையே ‘சுலோய்ட்’ என்னும் பாடமாகப் பள்ளிக்கு வந்தது. ஓட்டோ சாலமன் என்பவர் நேஸ் என்னும் இடத்தில் அதற்கென ஆசிரியர் பயிற்சி நிலையம் நடத்தினார். பல நாடுகளிலிருந்தும் ஆசிரியர்கள் வந்து பயின்றார்கள். சுவீடன் பள்ளிகளில் அது இன்றும் கட்டாயப் பாடமாக உள்ளது.

லார்சன் வீட்டில், கார்லுக்குப் பெரிய ஓவியக்கூடம் ஒன்று கட்டப்பட்டபின், பழைய கூடம் குடும்பத்தின் பணியறையாயிற்று. காரினின் தறி அங்கே இடம்பெற்றது.

அந்த மேசை விரிப்பு

இப்போது அம்மாணவியின் வினாவுக்கு வருகிறேன். மேசை விரிப்பு, மெத்தை உறை, கதவுத் திரை, சுவர்த்தொங்கல் ஆகியவை காரின் கற்பனையில் உருவாகி அவர் கையால் நெய்தவையும் தைத்தவையும் ஆகும். ‘நான்கு பூதங்கள்’ என்னும் பொருள்படும் அவருடைய சுவர்த்தொங்கல் 1903இல் உருவானது. பிள்ளைகளின் உடைகளையும், வேலை செய்ய ஏற்ற தமது தளர்வான உடைகளையும் அவரே வடிவமைத்தார். மரச்சாமான்களுக்கும் வரைபடம் தந்தார். அவர் வடிவமைத்த ஆடுநாற்காலி ஒன்று ஊர்த் தச்சருக்கு மிகவும் விந்தையாகத் தோன்றியதாம். பிறர் பார்த்தால் நகைப்பார்களே என்று நாணி, இருட்டிய பிறகே அதைக் கொண்டுவந்து கொடுத்தார் என்று சொல்வார்கள்.

கார்ல் அவ்வறைகளை வரைந்தார். அறைகளில் இருந்தவற்றுள் பலவற்றைப் படைத்தவர் காரின். ஓவியத்தின் கீழே கையொப்பம் இருந்தது. மேசை விரிப்பின்மீது உணவுத் தட்டுகள் இருந்தன. உலகம் கையொப்பத்தைப் படித்தது.

வீட்டு வாயிலின் மேலே விருந்தினரை வரவேற்கும் வாசகம் ஒன்றை எழுதிவைத்தனர். விளையாட்டாக இயைபு அமைய எழுதிய வாசகம் அது. அதில் கார்ல் லார்சனின் முழுப்பெயர் உண்டு. காரினின் பெயர் இல்லை. ‘அவர் மனைவி’ என்னும் பொருளில் ஒரு சொல் மட்டுமே உண்டு. கார்ல் தம் மனைவியை மதிக்காதவர் அல்லர். தம் ஓவியங்களுக்கு அவரையே முதல் திறனாய்வாளராகக் கொண்டிருந்தார். எனினும், அக்கால வழக்கம் அப்படி எழுத வைத்தது. 1997இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இவ்வில்லம் பற்றிக் கண்காட்சி நடத்தியபோது, அதன் தலைப்பிலேயே இருவர் பெயரும் இணையாக இடம்பெற்றன. காரின் 1928இல் மறைந்து ஏறத்தாழ 70 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஓவியத்தில் தெரிகின்ற மகிழ்ச்சி முழு வரலாறு ஆகாது. மூத்த மகன் உல்ஃப் 1905ஆம் ஆண்டு 18 வயதில் இறந்தான். கார்லை மனச்சோர்வு அடிக்கடி வாட்டியது. ஓவியங்களில் காணும் வெயில், எளிதாக வந்த வெயில் அன்று. 1919இல் கார்ல் மறைந்தார். பிள்ளைகள் வீட்டை விற்காமல் பாதுகாத்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்களின் உடைமையாக உள்ள அவ்வீடு, பொதுமக்கள் பார்க்கும் அருங்காட்சியகமாகவும் திகழ்கிறது.

வகுப்பில் செய்த திருத்தம்

மறுவாரம் அதே ஓவியத்தை மீண்டும் காட்டினேன். “சென்ற வாரம் நான் சொன்னது தவறு. இந்த விரிப்பைச் செய்தவர் காரின்” என்று கூறி, அவர் பெயரை வெண்பலகையில் எழுதினேன். வினா எழுப்பிய மாணவி அப்பெயரைத் தன் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டுக்கொண்டாள்.

பிறகு அவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். ‘என் வீட்டை உருவாக்கிய கைகள்’ என்னும் தலைப்பில் பட்டியல் ஒன்று எழுதிவர வேண்டும். சுவருக்குச் சாயம் பூசியவர் யார், திரைச்சீலை தைத்தவர் யார், வாசலில் செடி வைத்தவர் யார் எனக் கேட்டறிந்து எழுதவேண்டும்.

எல்லாப் பட்டியல்களும் அப்பாவின் பெயரில்தான் தொடங்கின. வீட்டுக் கடன் கட்டுபவர் அவர் என்பதை மாணவர்கள் சரியாகவே அறிந்திருந்தார்கள். ஆனால், கேட்கக் கேட்கப் பட்டியல் நீண்டது. பழைய சேலையைச் சாளரத் திரையாக்கிய பாட்டி வந்தார். பள்ளி விடுமுறையில் ஏணியைப் பிடித்துக்கொண்ட அண்ணன் வந்தான். தரைக்கு ஓடு பதித்த தொழிலாளரின் பெயர் தெரியாமல், ‘பெயர் கேட்கவேண்டும்’ என்று எழுதி வந்தான் ஒரு மாணவன்.

பெற்றோர்களே, அடுத்த விடுமுறையில் வீட்டுக்குச் சாயம் பூசுகையில் பிள்ளைகள் கையிலும் ஒரு தூரிகையைக் கொடுங்கள். சுவரில் கொஞ்சம் கோணலாகத்தான் வரும், வரட்டும். வேலை முடிந்தபின், யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பதைப் பெயரோடு எழுதிவைக்கச் சொல்லுங்கள். சமைத்துக் கொடுத்தவரின் பெயரும் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.